அடைக்கோழிக்கும் குஞ்சுக்கும் பாதுகாப்பான கூடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுப் புறக்கடையிலோ தோட்டத்திலோ ஐந்து முதல் இருபது நாட்டுக்கோழி வரை வைத்திருப்பவர்களுக்கான பதில்கள் இவை. அடைகாக்கும் வேலையைக் கோழி நம்மைவிட நன்றாக அறியும். அதற்குத் தெரியாதது பூட்டத் தெரிந்த கதவும், எலி நுழையாத சுவரும்தான். ஆகவே முட்டை, தீவனம் பற்றிய கேள்விகளுக்குக்கூட இங்கே பதில் பெரும்பாலும் கூட்டில்தான் போய் நிற்கும்.

கோழி அடைக்கு வந்துவிட்டது என்று எப்படி உறுதி செய்வது?

முட்டையிட்ட பிறகும் எழாமல் அதே இடத்தில் படுத்திருக்கும். கையைக் கொண்டுபோனால் உடலைச் சிலிர்த்துப் பெரிதாக்கிக்கொண்டு உறுமும், கொத்தவும் செய்யும். வயிற்றுப் பக்கம் இறகு உதிர்ந்து தோல் வெறுமையாக, தொட்டால் சூடாக இருக்கும். ஒரு நாள் படுத்துவிட்டு மறுநாள் மேயப் போகும் கோழிகளும் உண்டு. இரண்டு இரவுகள் தொடர்ந்து கூடையிலேயே தங்கினால் நம்பி முட்டை வைக்கலாம். அதுவரை ஒன்றிரண்டு பழைய முட்டைகளை அடியில் விட்டுவையுங்கள்.

முட்டையிட்ட இடத்திலேயே அடை வைக்கலாமா? வேறிடத்துக்கு மாற்ற வேண்டுமா?

மாற்றுவதே நல்லது. எல்லாக் கோழிகளும் வந்துபோகும் இடத்தில் அடை வைத்தால், மற்றக் கோழிகள் அடைக்கோழியைத் தள்ளிவிட்டு அதே கூடையில் முட்டையிடும். சில முட்டைகள் உடையும். புதிதாக இட்ட முட்டைகள் கலந்துவிட்டால், பாதி பொரிந்ததும் கோழி குஞ்சுகளோடு இறங்கிவிடும், மீதி முட்டைகள் அரைகுறையாக நின்றுவிடும். அடைக்கு வைத்த முட்டைகளில் கரித்துண்டாலோ பென்சிலாலோ குறி போட்டுவைத்தால் புதியது எது என்று உடனே தெரியும்.

மாற்றுவதை இரவில் செய்யுங்கள். பகலில் மாற்றினால் பழைய இடத்துக்கே ஓடும். இருட்டிய பின் கூடையோடு தூக்கிப் புதிய இடத்தில் வைத்து, முன்பக்கம் ஒரு சாக்கைத் தொங்கவிட்டால் காலையில் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

அடைக்கூடை எப்படி இருக்க வேண்டும்? எத்தனை முட்டை வைக்கலாம்?

வாய் அகன்ற, ஆழம் குறைந்த மூங்கில் கூடையோ மண்சட்டியோ போதும். உள்ளே ஒன்றேகால் அடி அகலம் இருக்கட்டும். ஆழமான கூடை வேண்டாம். கோழி விளிம்பிலிருந்து முட்டைகள்மேல் குதித்து இறங்கும்போது உடைந்துவிடும், பொரிந்த குஞ்சு வெளியே விழுந்தால் திரும்ப ஏறவும் முடியாது. அடியில் மூன்று அங்குலம் சலித்த மணல், அதன்மேல் கசக்கிய வைக்கோல், நடுவில் லேசான குழிவு. குழிவு இல்லாவிட்டால் ஓரத்து முட்டைகள் உருண்டுபோய் ஆறிவிடும். மணலோடு ஒரு கைப்பிடி அடுப்புச் சாம்பலும் உலர்ந்த வேப்பிலையும் கலந்தால் பேன் தொல்லை குறையும்.

கோழியின் உடலுக்குள் அடங்கும் அளவுக்குத்தான் முட்டை. சிறுவிடைக் கோழிக்கு 8 அல்லது 9, பெருவிடைக்கு 12 வரை. ஆசைப்பட்டு 16 வைத்தால் ஒவ்வொரு முட்டையும் மாறிமாறி ஓரத்துக்குப் போய் ஆறி, கடைசியில் எட்டுகூடத் தேறாது. இட்டு ஒரு வாரத்துக்கு மேலான முட்டைகளை விட்டுவிடுங்கள், கோடையில் ஐந்து நாளே அதிகம்.

பொரிக்க 21 நாட்கள் ஆகும். ஏழாம் நாள் இரவில் முட்டைக்கு அடியில் டார்ச் வெளிச்சம் பிடித்துப் பாருங்கள். கருக்கூடிய முட்டையில் சிவப்பு நரம்புகள் கிளைபரப்பித் தெரியும். ஒன்றும் தெரியாமல் வெளிறிக் கிடப்பதை எடுத்துவிடலாம். 18ஆம் நாளுக்குப் பிறகு கூடையைத் தொடாதீர்கள்.

கூடையில் ஆணி, கரித்துண்டு, காய்ந்த மிளகாய் போடச் சொல்கிறார்களே?

இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும் என்ற நம்பிக்கையில் இரும்பைப் போடுகிறார்கள். இடி இடிப்பதற்கும் முட்டை கெடுவதற்கும் தொடர்பில்லை. இடியோடு வரும் மழையில் கூடை நனைவதற்கும், மிரண்ட கோழி எழுந்து ஓடுவதற்கும் தொடர்பு உண்டு. ஆணியைப் போட்டுக்கொள்ளுங்கள், பாட்டியின் மனம் நோக வேண்டாம். அதோடு மேற்கூரை ஒழுகுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அடைக்கோழியைக் கூண்டில் அடைத்தே வைக்கலாமா? தானாக எழுந்து போகுமே?

நாளுக்கு ஒரு முறை எழ வேண்டும். தின்று, தண்ணீர் குடித்து, எச்சமிட்டு, மண்ணில் புரண்டுவிட்டு வர அதற்குக் கால் மணி, இருபது நிமிடம் பிடிக்கும். அந்த நேரத்தில் முட்டை ஆறிவிடும் என்று பயப்பட வேண்டாம். அடைத்தே வைத்தால் கூடையிலேயே எச்சமிட்டு முட்டைகளை அழுக்காக்கும். சில கோழிகள் எழவே மாட்டா. அவற்றை நாமே தூக்கி வெளியே விட வேண்டும். தூக்குமுன் இறக்கைக்குள் கைவிட்டு முட்டை எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் தூக்கிய கையிலிருந்தே முட்டை விழும்.

கோழி திரும்பி வந்து படுத்ததைப் பார்த்த பிறகே கதவைச் சாத்த வேண்டும். வேறொரு காலிக் கூடையில் போய்ப் படுத்துக்கொள்ளும் அடைக்கோழிகள் ஏராளம்.

பொரிக்கும் நாளில் எறும்பு மொய்த்துக் குஞ்சுகள் செத்துவிட்டன. எப்படித் தடுப்பது?

ஓடு விரிசல் விட்டதும் அந்த ஈரத்தின் வாசனைக்கு எறும்பு வந்துவிடும். மூக்கை மட்டும் வெளியே நீட்டியிருக்கும் குஞ்சினால் எதுவும் செய்ய முடியாது. அதனால் 18ஆம் நாளுக்குள்ளேயே ஏற்பாடு தேவை. கூடையை நான்கு செங்கற்களின்மேல் வைத்து, ஒவ்வொரு செங்கல்லையும் தண்ணீர் ஊற்றிய தட்டில் நிறுத்துங்கள். தண்ணீரில் சில சொட்டு எண்ணெய் விட்டால் எறும்பு கடக்காது. கூடையின் விளிம்பு சுவரில் படக்கூடாது, தொங்கும் சாக்கின் நுனி தரையைத் தொடக்கூடாது. எறும்பு அந்த வழியைக் கண்டுபிடித்துவிடும். கடையில் விற்கும் எறும்புப் பொடியைத் தூவாதீர்கள். அதைக் குஞ்சும் கொத்தும், கோழியும் கொத்தும். பொரிந்த மறுநாள் காலி ஓடுகளை அப்புறப்படுத்தி, கோழியையும் குஞ்சுகளையும் தரைமட்டக் கூட்டுக்கு இறக்கிவிடுங்கள்.

பஞ்சாரம் (கவிழ்த்து மூடும் கோழிக்கூடை) இருக்கிறதே, அது போதாதா?

பகலுக்குப் போதும். இரவுக்குப் போதாது. இதை மட்டும் நினைவில் வைத்தாலே பாதிக் குஞ்சுகள் பிழைத்துவிடும் என்பது என் கணிப்பு.

பஞ்சாரம் நல்ல கருவிதான். அடிப்பகுதி திறந்திருப்பதால் கோழி மண்ணைக் கீறித் தின்னலாம். இடம் மாற்றுவது எளிது, நிழலுக்கு இழுத்துக்கொள்ளலாம். காகமும் பருந்தும் உள்ளே வர முடியாது. ஆனால் அடிப்பகுதி திறந்திருப்பதுதான் இரவில் அதன் பலவீனம். பெருச்சாளி ஓரத்தைத் தோண்டிக்கொண்டு உள்ளே வரும். நாய் மூக்கை நுழைத்துப் புரட்டிவிடும். மேலே வைத்த கல் பூனைக்குப் போதும், நாய்க்குப் போதாது. மேடுபள்ளமான தரையில் விளிம்புக்கும் மண்ணுக்கும் இடையே விரல் நுழையும் சந்து இருந்தால் பாம்புக்கு அதுவே வாசல். நள்ளிரவில் மழை வந்தால் தண்ணீர் அடிவழியே ஓடி, காலையில் குஞ்சுகள் விறைத்துக் கிடக்கும்.

வீட்டுத் திண்ணையிலோ சிமெண்ட் தரையிலோ பஞ்சாரத்தைக் கவிழ்த்து, சுற்றிலும் சாக்கைப் போர்த்தி, அடியில் உமி பரப்பி வைப்பவர்கள் உண்டு. வேறு வழியில்லாதபோது முதல் சில இரவுகளுக்கு அது தாங்கும். திறந்த வாசலில் தாங்காது.

அப்படியானால் இரவுக் கூடு எப்படி அமைய வேண்டும்?

ஒரு கோழிக்கும் பத்துப் பன்னிரண்டு குஞ்சுகளுக்கும் நான்கடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டடி உயரம் உள்ள பெட்டி தாராளம். மரப்பலகையோ செங்கல்லோ எதுவானாலும் சரி. மூன்று பக்கம் அடைத்திருக்கட்டும், முன்பக்கம் வலை. மேல் ஓரத்தில் ஓர் அடுக்குக் காற்றோட்டம் வேண்டும். காற்று கோழியின் தலைக்கு மேல் போக வேண்டும், குஞ்சுகள் படுத்திருக்கும் மட்டத்தில் வீசக்கூடாது.

வலையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழிவலை, கோழி வெளியே போகாமல் தடுக்கும். உள்ளே வர நினைக்கும் நாய் அதைக் கிழித்துவிடும், எலி அதன் கண் வழியாகவே நுழையும். அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டிங் வலை வாங்குங்கள். ஆணியடித்து நிறுத்தாமல், மேலே ஒரு பட்டைச் சட்டம் வைத்துத் திருகாணியால் முடுக்குங்கள். கீரியும் மரநாயும் ஓரத்தைத் தள்ளிப் பார்த்துத்தான் உள்ளே வருகின்றன.

மண் தரையானால் வலையைச் சுவரோடு ஓரடி ஆழம் புதைக்க வேண்டும். தோண்ட முடியாத கட்டாந்தரையில், வலையைக் கூட்டிலிருந்து வெளிப்பக்கமாக ஒன்றரை அடி தரையில் விரித்து மண்ணும் கல்லும் போட்டு மூடினாலும் போதும். பெருச்சாளி சுவரோரத்தில்தான் தோண்டத் தொடங்கும். அங்கே வலை தட்டுப்பட்டால், ஒன்றரை அடி பின்னால் போய்த் தோண்டும் புத்தி அதற்கு வராது.

கால் வைத்து உயர்த்திய கூடு பாம்பையும் ஈரத்தையும் தடுக்க நல்லதுதான். ஆனால் முதல் இரண்டு வாரம் குஞ்சுகளால் ஏற முடியாது. மாலையில் தாய் தாவி மேலே போய்விடும், குஞ்சுகள் கீழே நின்று கத்திக்கொண்டிருக்கும். குஞ்சுள்ள கோழிக்குத் தரைமட்டக் கூடோ, குறுக்குச் சட்டம் அடித்த சாய்வுப் பலகையோ வேண்டும். கம்பி வலைத் தரை வேண்டவே வேண்டாம், குஞ்சின் கால் அதில் சிக்கும்.

கதவுக்கு வெறும் கொக்கி போதாது, தாழ்ப்பாளே போடுங்கள். கதவின் அடியில் அரை அங்குலத்துக்கு மேல் சந்து இருக்கக்கூடாது. பொழுது சாய்ந்ததும் எண்ணிப் பார்த்து அடைப்பது வீட்டில் ஒருவரின் பொறுப்பாக இருக்கட்டும். எல்லோருடைய வேலையாக இருந்தால் ஒருநாள் யாரும் அடைத்திருக்க மாட்டார்கள்.

காலையில் பார்த்தால் குஞ்சுகள் குறைகின்றன. எது தூக்கிப்போகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விட்டுச்சென்ற தடயத்தைப் பாருங்கள்.

ரத்தமில்லை, இறகில்லை, எண்ணிக்கை மட்டும் குறைகிறது என்றால் பாம்பையோ பூனையையோ சந்தேகிக்கலாம். செத்த குஞ்சு ஒன்று எச்சில் பூசியதுபோல் ஈரமாக, தலைப்பக்கம் நீண்டு கிடந்தால் பாம்பு விழுங்கப் பார்த்துவிட்டு விட்டிருக்கிறது. ஓரத்தில் புதுமண் குவிந்திருந்து, குஞ்சின் காலோ இறக்கையோ வளைவாயில் கிடந்தால் பெருச்சாளி. தலையில்லாமல் உடல்கள் கிடந்தால், அதுவும் தாய்க்கோழியும் சேர்ந்து செத்திருந்தால், மரநாய் வந்திருக்கக்கூடும். அது தின்பதைவிட அதிகமாகக் கடித்துப்போடும். கூடே புரண்டு, வலை கிழிந்து, முற்றமெல்லாம் இறகாக இருந்தால் நாய்.

நேரமும் துப்புக் கொடுக்கும். கீரி பகல் வேட்டைக்காரன், மரநாய் இரவு வேட்டைக்காரன். மதியம் எல்லோரும் கண்ணயர்ந்த வேளையில் குஞ்சு போகிறதென்றால் மரநாயைத் திட்டிப் பயனில்லை.

எதுவாக இருந்தாலும் விஷம் வைக்காதீர்கள், கண்ணி கட்டாதீர்கள், மின்கம்பி இழுக்காதீர்கள். கீரி, மரநாய், காட்டுப்பூனை எல்லாம் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. சட்டத்தை விடுங்கள், வைத்த விஷத்தை முதலில் தின்பது பக்கத்து வீட்டு நாயோ உங்கள் கோழியோதான். ஒன்றைக் கொன்றாலும் சந்து அப்படியே இருந்தால் அடுத்தது வரும்.

அடைக்கூடையில் பாம்பு இருந்தால்?

கைவிட்டு எடுக்க முயல வேண்டாம். முட்டைக்கு நல்ல பாம்பும் வரும், சாரையும் வரும். இருட்டில் எது என்று தெரியாது. தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ சொன்னால் பிடிப்பவர் வருவார். பாம்பு வராமலிருக்கக் கூட்டைச் சுற்றி விறகு, ஓடு, தேங்காய்மட்டைக் குவியல் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிந்திய தீவனத்துக்கு எலி வருகிறது, எலிக்குப் பாம்பு வருகிறது. இரவில் தீவனத் தட்டைக் கூட்டுக்குள் வைக்காமல் எடுத்துவிடுவது பாதி வேலையை முடித்துவிடும். வெள்ளைப்பூண்டைக் கரைத்து ஊற்றுவதையும் பினாயில் தெளிப்பதையும் நம்ப வேண்டாம்.

முட்டை எடுக்கப் போகும்போது பகலிலும் முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள். கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறிவிடுவது எல்லாம் வேண்டாம். கடிபட்ட கையை அசைக்காமல் 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும்.

பருந்து, காகத்துக்கு என்ன செய்வது?

முதல் மூன்று வாரம் குஞ்சுகளைத் திறந்த வெளியில் விடாதீர்கள். மேலே மீன்வலை கட்டிய பத்தடிக்கு எட்டடிப் பட்டியில் மேயவிடுங்கள். அடர்ந்த செடியடி இருந்தால் இன்னும் நல்லது. தாய் குரல் கொடுத்ததும் குஞ்சுகள் ஓடி ஒளிய இடம் கிடைக்கும். வல்லூறு சத்தமில்லாமல் தாழப் பறந்து வரும். காகம் ஒன்று தாயைச் சீண்ட, இன்னொன்று குஞ்சைத் தூக்கும். சண்டைக்குணமுள்ள தாய் இதைச் சமாளிக்கும். சாதுவான தாய்க்கு வலைதான் துணை.

கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா?

சாகாது என்பது பழமொழி. அகலமான தரையில் அது உண்மை. ஒரு சதுர அடிப் பெட்டிக்குள் தாயையும் பன்னிரண்டு குஞ்சுகளையும் அடைத்து, நடுவில் ஒரு செங்கல்லையும் போட்டுவைத்தால் சாகும். நகர இடமில்லாத குஞ்சு, பூனைச் சத்தத்துக்குத் துள்ளிக் குதிக்கும் தாயின் காலுக்கும் செங்கல்லுக்கும் இடையில் நசுங்கும். பழி கோழிக்கு, குற்றம் பெட்டிக்கு.

இரண்டு அடைக்கோழிகளை ஒரே கூட்டில் வைக்கலாமா?

அடைகாக்கும்வரை அக்காள் தங்கையாகப் படுத்திருக்கும். பொரித்த அன்றே பகை தொடங்கும். ஒன்றின் குஞ்சை மற்றொன்று கொத்திக் கொல்லும். நடுவில் பலகை அடித்து இரண்டு அறையாக்குங்கள். வலைத் தடுப்பு போதாது, வலைக்கு அப்பால் தலை நீட்டிய குஞ்சுக்கும் கொத்து விழும்.

வாங்கிய குஞ்சுகளைத் தாயோடு சேர்ப்பதானால், பொரித்த முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள், அதே வயதுக் குஞ்சுகளை, இரவில், தாயின் அடியில் ஒவ்வொன்றாகச் செருக வேண்டும். விடிந்ததும் அரை மணி நேரமாவது பக்கத்திலிருந்து கவனியுங்கள். நிறம் மிகவும் மாறுபட்ட குஞ்சை அடையாளம் கண்டு விரட்டும் தாய்களும் உண்டு.

கூட்டுத் தரையில் என்ன போடுவது? மழையிலும் வெயிலிலும் என்ன மாற்றம்?

இரண்டு அங்குலம் உமி அல்லது உலர்ந்த மணல். செய்தித்தாளை மட்டும் விரித்தால் வழுக்கும், குஞ்சின் கால்கள் பக்கவாட்டில் விரிந்து நடக்க முடியாமல் போய்விடும். பொடி மரத்தூளைத் தீவனம் என்று நினைத்துத் தின்றுவிடும்.

ஈரம்தான் பெரிய எதிரி. இரத்தக்கழிச்சல் நோயின் கிருமி நனைந்த உமியில்தான் வீரியம் பெறுகிறது. தண்ணீர்த் தட்டைச் சுற்றிய உமியை அன்றாடம் அள்ளிப் போட்டுவிட்டுப் புதிது போடுங்கள். எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் உமியை முழுவதும் மாற்றிவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் சாரல் பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து அடிக்கும். ஆகவே வலைப்பக்கம் அந்தத் திசையைப் பார்க்கக்கூடாது. கொசுவும் அப்போது அதிகம். அம்மை நோயைக் கோழிக்குக் கோழி பரப்புவதில் அதற்குப் பங்குண்டு என்பதால், இரவில் கூட்டின்மேல் பழைய கொசுவலை ஒன்றைப் போர்த்துவது வீண்வேலை அல்ல. கோடையில் தகரக் கூரையின் அடியில் அடைக்கோழி வாய் பிளந்து மூச்சிரைக்கும், முட்டைக்குள் கரு வெந்துவிடும். தகரத்தின்மேல் தென்னங்கீற்றை இரண்டடுக்காகப் போடுங்கள். முடிந்தால் சித்திரை, வைகாசியில் அடை வைக்காமல் தை, மாசியில் வையுங்கள்.

முதல் நாட்களில் தீவனம், தண்ணீர்?

பொரித்த குஞ்சின் வயிற்றில் மஞ்சள் கரு மிச்சம் இருக்கும், முதல் நாள் தீவனம் இல்லாவிட்டாலும் தாங்கும். பிறகு குஞ்சுத் தீவனமோ, உடைத்த கம்பும் அரிசிக் குருணையுமோ கொடுக்கலாம். குருணை மட்டுமே போட்டால் வளர்ச்சி நிற்கும். கரையான் கிடைத்தால் அதற்கு ஈடில்லை. பழைய பானையில் சாணமும் ஈரச்சாக்கும் அடைத்துக் கரையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்துவைத்தால் விடியலில் திரண்டிருக்கும். முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுக்கு வைக்காதீர்கள், அதிலுள்ள சுண்ணாம்புச்சத்து அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களைப் பரப்பிவையுங்கள். இரண்டு அங்குலத் தண்ணீரில் மூழ்கிச் சாகும் குஞ்சுகள் உண்டு.

தாயோடு இருக்கும் குஞ்சுக்கும் தடுப்பு மருந்து வேண்டுமா?

வேண்டும். வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட் நோய்) வந்தால் எவ்வளவு நல்ல கூடும் உதவாது. ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு லசோட்டா அல்லது எஃப்1 தடுப்பு மருந்து, எட்டாவது வாரத்தில் ஆர்2பி தடுப்பூசி. இடையில் தேவைப்படும் மற்றத் தடுப்பு மருந்துகளைக் கால்நடை மருத்துவர் சொல்வார். மருந்தை ஐஸ் வைத்த பாத்திரத்தில் கொண்டுவந்து, கலக்கியதும் போட்டுவிட வேண்டும். சின்ன வெங்காயமும் மஞ்சளும் கொடுப்பதில் கெடுதல் இல்லை, ஆனால் அவை தடுப்பூசிக்கு மாற்று அல்ல.

விளக்கு போட வேண்டுமா?

தாய் இருந்தால் வேண்டாம். தாய் இல்லாத குஞ்சுகளுக்கு மட்டும் முதல் வாரம் 35 டிகிரி சூடு தேவை, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்கலாம். பல்பை ஒயரில் தொங்கவிடாமல் சங்கிலியில் கட்டுங்கள். உமியில் விழுந்த பல்பு கூட்டையே எரித்துவிடும்.

குஞ்சுகளை எப்போது பிரிப்பது?

இறகு முழுவதும் மூடிய பிறகு, ஏறத்தாழ ஆறு முதல் எட்டு வாரத்தில். தாயே கொத்தி விரட்டத் தொடங்கினால் அதுதான் நேரம். தாயை எடுத்து வேறிடத்தில் விடுங்கள், குஞ்சுகள் பழகிய கூட்டிலேயே இருக்கட்டும். பெரிய கோழிகளோடு உடனே கலந்தால் தீவனத் தட்டருகே போகவே விடமாட்டா.

ஓர் ஈடு முடிந்ததும் கூட்டை என்ன செய்வது?

உமி, வைக்கோல், கூடைக்குள்ளிருந்த மணல் எல்லாவற்றையும் அள்ளி எருக்குழியில் போட்டுவிடுங்கள். பலகைச் சந்துகளில் விரலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். சிவப்பாகக் கோடு விழுந்தால், இரவில் கோழியின் இரத்தம் குடித்துவிட்டுப் பகலில் அங்கே ஒளிந்திருக்கும் பொடிப்பேன் அது. அந்தச் சந்துகளில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, காய்ந்ததும் சுண்ணாம்பு அடியுங்கள். மூங்கில் கூடையைப் பழையதாக இருந்தால் எரித்துவிட்டுப் புதிது வாங்குவதே மலிவு. கூட்டைக் கதவு திறந்து இரண்டு வாரமாவது வெயிலில் காயவிட்ட பிறகு அடுத்த அடைக்கோழியைக் கொண்டுவரலாம்.